பொன்னும் உபாசகனும்

மட்டாஞ்சேரியில் நாம் தம்மோபதேசம் முடித்து எழுந்த வேளையில் உபாசகர் ஒருவர் அணுகி, "ஐயா, மகள் திருமணத்திற்கென வட்டிக்குக் கடன் பெற்றுப் பத்துப் பவுன் சேர்த்துள்ளேன். விலை ஏறிக்கொண்டே போவதால் நல்ல முதலீடு என்கிறார்கள். பகவன் பொன்னை விலக்கினாரன்றோ? நான் சீலம் தவறினேனா?" என்று வினவினார். ஒரு வார்த்தையில் விடை கூற அன்று நம்மால் இயலவில்லை. இங்கே கூற முயல்கிறோம்.

பொன்னும் வெள்ளியும் ஏற்கலாகாது என்னும் விநய விதி பிக்குகளுக்கு உரியது. பகவன் பரிநிர்வாணம் எய்தி ஏறக்குறைய நூறாண்டு கழிந்தபின், வைசாலியில் வஜ்ஜி நாட்டுப் பிக்குகள் உபாசகரிடம் காசு தண்டினர். யசர் என்னும் தேரர் அதனை மறுத்து நின்றார். இரண்டாம் சங்கீதி கூடியதற்கு அவ்வழக்கும் ஒரு காரணம். இல்லறத்தானுக்கு அவ்விதி இல்லை. ஈட்டிய பொருளை நான்கு கூறாக்கி, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, நான்காவதை ஆபத்துக்கென வைத்துக்கொள்ளுமாறு சிகாலனுக்குப் பகவன் உபதேசித்தார். ஆலைக் கூலியில் நாம் வாழ்ந்த நாட்களில் இதனை முதன்முறை படித்தபோது சிரிப்பே வந்தது. முதற்கூறே மாதக் கடைசி வரை எட்டாதவனுக்கு மற்ற மூன்றும் எங்கிருந்து வரும்? எனினும் ஒன்று விளங்கிற்று. பகவன் நான்காம் கூறாகச் சொன்னது மீந்த பொருள். கடன் வாங்கிய பொருளன்று.

நம் உபாசகர் வாழும் கரைக்கும் பொன்னுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. அங்கிருந்து வடக்கே, பண்டைய முசிறிக்கு யவனர் பொன் கொணர்ந்தனர். மிளகு ஏற்றிச் சென்றனர். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சு நாணயத்தை உறிஞ்சுகிறதென்று உரோமாபுரிப் பிளினி முதல் நூற்றாண்டில் முறையிட்டார். 408ஆம் ஆண்டில் உரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக், 5,000 இராத்தல் பொன்னோடு 3,000 இராத்தல் மிளகும் கேட்டான். மண்ணில் வெட்டியதும் கொடியில் காய்த்ததும் அவனுக்கு ஒரே தராசில் நின்றன. மதிப்பு பொருளுக்குள் இருந்ததா, வேண்டுவோன் மனத்தில் இருந்ததா?

வடக்குப் பரவூருக்கு அருகே வள்ளுவள்ளியில் 1983ஆம் ஆண்டில் உரோமானியப் பொற்காசுப் புதையல் வெளிப்பட்டது. புதைத்தவன் எவனோ, திரும்பி வந்து எடுக்கவில்லை. ஆபத்தில் உதவுமென்று நீரருகே ஆழக் குழியில் நிதியைப் புதைத்தவன், இடம் மறந்தோ பிறர் கவர்ந்தோ அதனை இழப்பதை நிதிகண்ட சூத்திரம் விவரிக்கின்றது. அச்சூத்திரத்தை ஓதும்போதெல்லாம் நமக்கு வள்ளுவள்ளி நினைவுக்கு வரும்.

விலை என்றும் ஏறும் என்போர் ஒன்று அறியவேண்டும். 1980 சனவரியில் அவுன்சு ஒன்றுக்கு 850 டாலரைத் தொட்ட பொன், 1999ஆம் ஆண்டில் 300 டாலருக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. ரூபாயின் மதிப்பு தேய்ந்ததால் நம் நாட்டில் அவ்வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை. விலையேற்றம் வந்தால் வரும். வட்டியோ மாதந்தோறும் தவறாமல் வரும்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் எளிதாகப் போயிருக்கும். ஆனால் நம் மக்களிடம் சென்று "பொன் தணிகை, விட்டொழியுங்கள்" என்று கூற நமக்கு நா எழுவதில்லை. 1930 திசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது விதித்த எட்டுத் தடைகளில், பொன் வெள்ளி நகை அணியலாகாது என்பதும் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அத்தகைய தடைகளுக்குள் வாழ்ந்த பாட்டியின் பேத்தி இன்று மெல்லிய சங்கிலி ஒன்றை அணிந்து வீதியில் நடக்கிறாள். அது தணிகையா, மானமா? இரண்டும் அதில் கலந்துள்ளன என்றே கருதுகிறோம். பிரித்தெடுக்கும் கருவி நம்மிடம் இல்லை.

பொன்னை வெட்டியவரும் நம்மவரே. கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கினர். கல்தூசு பலருடைய நுரையீரலை அரித்தது. அங்கே மாரிக்குப்பத்தில்தான் அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக் கிளை தழைத்தது. பகலில் பொன் தோண்டி, மாலையில் திரிசரணம் ஓதியவர்கள் நம் முன்னோர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது, அத்தனை பொன்னில் எவ்வளவு அவ்வரிசை வீடுகளில் தங்கியிருந்தது?

மட்டாஞ்சேரியில் வேறோர் உலோகமும் இருந்தது. துறைமுகத்து வேலைக்குச் 'சாப்பா' என்னும் வில்லைகளை மூப்பன் கூட்டத்தில் வீசுவான். கைப்பற்றியவனுக்கே அன்று வேலை. ஒரு துண்டு உலோகத்துக்காகப் பசித்தவர் ஒருவரையொருவர் மிதித்தனர். அம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். உருக்கினால் காசு பெறாத அவ்வில்லை அக்காலையில் பவுனைவிட விலையுயர்ந்ததாயிருந்தது.

இனி வினவிய அன்பருக்கு வருவோம். ஐயா, தாங்கள் சீலம் தவறவில்லை, அச்சத்தால் கடன்பட்டீர்கள். கடன் அடையும் அளவு பவுனை விற்றுவிடுங்கள். மிஞ்சுவது இரண்டு பவுனாயினும் மகளின் கையில் கொடுங்கள். மணமகன் வீட்டார் கையில் அன்று. அவர்கள் கேட்டுப் பெறுவதாயின் அது வரதட்சணை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமென்கிறது. விற்பதற்கு முன் மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு நாம் அங்கு வரும்போது, அவள் என்ன கூறினாள் என்று எமக்குச் சொல்லவேண்டும்.