குழியில் இறங்கிப் பார்ப்பது பாவமா?



கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், காலைப் பூசை முடிந்து நான் கோயில் வாசலுக்கு வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எனக்காகக் காத்து நின்றார். அவர் கையிலிருந்த கைபேசியில் ஒரு படம். வேல்ஸ் நாட்டில் வேலை பார்க்கும் பேரன் அனுப்பியது. தலையில் கவசத் தொப்பி, தொப்பியில் விளக்கு, முகம் நிறையச் சிரிப்பு. அங்கே ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கத்தைக் காட்சிச்சாலையாக ஆக்கி வைத்திருக்கிறார்களாம். அதில் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்த கையோடு எடுத்துக்கொண்ட படமாம்.

"சாமி, எங்க அப்பா கோலார் தங்கவயல்ல குழியிலே எறங்கி வேலை செஞ்சவரு. நெஞ்சு பூரா தூசி. படுத்தா மூச்சு வராது. உக்காந்தபடியே செத்தாரு. அந்த மாதிரி எடத்தைக் காசு குடுத்து வேடிக்கை பாத்துட்டு, இவன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். இது பாவம் இல்லியா சாமி?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் பாட்டி" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். யோசித்ததை உங்கள் முன்னும் வைக்கிறேன். ஏனெனில் இக்கேள்வி அந்த ஒரு பேரனைப் பற்றியது மட்டும் அல்ல. பிறர் பாடுபட்ட இடத்தை, அந்தப் பாட்டை அறியாத நாம் போய்ப் பார்ப்பது தகுமா? தகும் என்றால், எப்படிப் பார்ப்பது தகும்?

முதலில் அந்தப் பேரன் போன இடத்தை அறிந்துகொள்வோம். பிளைனாவன் என்ற ஊரிலுள்ள அச்சுரங்கத்துக்குப் 'பிக் பிட்', அதாவது பெருங்குழி என்று பெயர். 1980இல் வேலை நின்றது. 1983இல் காட்சிச்சாலையாகத் திறந்தார்கள். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களே வழிகாட்டிகளாக நின்றார்கள். இறங்குவதற்கு முன் கைபேசி, கைக்கடிகாரம், தீப்பெட்டி முதலியவற்றை மேலேயே கொடுத்துவிட வேண்டும். நிலக்கரிக் குழியில் தீப்பற்றும் வாயு கசியக்கூடும்; ஒரு பொறி போதும். ஆகையால் பேரனுடைய படம் குழிக்குள் எடுத்ததாக இருக்க முடியாது; மேலே வந்தபின் எடுத்ததுதான்.

கூண்டில் ஏறி 300 அடி இறங்கியபின், ஓரிடத்தில் எல்லாரும் விளக்கை அணைக்கச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே பிடித்த கை தெரியாது. அப்படிப்பட்ட இருளில்தான், ஒருகாலத்தில் அந்நாட்டுச் சுரங்கங்களிலே ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதும் உட்கார்ந்து, வண்டி வரும்போதெல்லாம் காற்றுக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். பெண்களும், பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் குழிக்குள் வேலை செய்யலாகாது என்று சட்டம் வந்தது 1842இல்தான்.

இனி பாட்டியின் கேள்விக்கு வருவோம். அர்ச். அகுஸ்தீன் தமது வாழ்க்கை வரலாற்று நூலிலே, சிதைந்து கிடக்கும் ஒரு பிணத்தைப் பார்க்க மனிதர் ஓடுவதைக் குறிப்பிடுகிறார். பார்த்தால் மனம் நடுங்கும் என்று அவர்களுக்கே தெரியும், ஆயினும் ஓடுகிறார்கள். இதைக் கண்களின் இச்சை என்கிறார் அவர். நம் மாதவரம் நெடுஞ்சாலையில் லாரி மோதிக் கிடந்தால், இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். எத்தனை பேர் தூக்கிவிடுகிறார்கள்? எத்தனை பேர் படம் பிடிக்கிறார்கள்?

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதை இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். அறிய விரும்புவது குற்றமன்று, அறிவு நல்லதே. எதற்காக அறிகிறோம், அறிந்ததை என்ன செய்கிறோம் என்பதிலேதான் புண்ணியமும் குற்றமும் பிரிகின்றன. கற்கும் ஆர்வம் புண்ணியம். வீண் வேடிக்கை குற்றம். இரண்டுக்கும் கண் ஒன்றுதான், காட்சியும் ஒன்றுதான். ஆகவே, பேரன் குழியில் இறங்கியதைக் கொண்டு அவன் பாவம் செய்தான் என்று சொல்ல இயலாது. அவன் சிரித்ததைக் கொண்டும் சொல்ல இயலாது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவன் சிரிப்பது மனித சுபாவம். பாட்டியின் தகப்பனாரும், மாலையில் கூண்டு மேலே வந்து சூரியனைக் கண்டபோது சிரித்திருக்கத்தான் வேண்டும்.

அந்தத் தகப்பனார் இறங்கிய கோலாரைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்வது கடன். 1880இல் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று அங்கே பெரிய அளவில் தங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி நம் தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 1902லேயே சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. குழியோ மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்திலே பாறையே கொதிக்கும். திடீரென்று வெடித்துச் சிதறும். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து 'சிலிகோசிஸ்' என்ற நோயைத் தரும். 120 ஆண்டுகளில் 800 டன் தங்கத்துக்கு மேல் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றன. குழிகளில் தண்ணீர் நிறைந்தது. பிள்ளைகள் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகலானார்கள்.

யோபு ஆகமத்தின் 28ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பறவையின் கண்ணும் காணாத இடத்தில், கயிற்றில் தொங்கிக்கொண்டு, மனிதன் பொன்னையும் வெள்ளியையும் தேடுவதை அது வருணிக்கிறது. வருணித்துவிட்டு, ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறது. பொன் கொடுத்து அதை வாங்க முடியாதாம். கோலாரில் எடுத்த பொன் யார் கழுத்தில் இருக்கிறதோ, யார் பெட்டகத்தில் இருக்கிறதோ, நாம் அறியோம். எடுத்தவர் கழுத்தில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆகையினாலே, இத்தகைய இடத்தைப் பார்ப்பவனுக்கு ஒரு கடன் உண்டாகிறது. பெல்ஜியம் நாட்டில் மார்சினெல் என்ற ஊரிலே 1956 ஆகஸ்டு 8ஆம் நாள் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் மாண்டார்கள். அவர்களில் 136 பேர் பிழைப்புக்காக வந்த இத்தாலியர். அச்சுரங்கமும் இன்று காட்சிச்சாலையாக இருக்கிறது. இறந்தவர்களின் முகங்களையும் பெயர்களையும் அங்கே சுவரில் வைத்திருக்கிறார்கள். இது நல்ல காரியம். அவர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறோம். நாம் விசுவாசிகள் ஆகையால், அவர்கள் ஆத்தும இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்கிறோம். ஆனால் கடன் அத்தோடு தீர்ந்ததா?

செத்தவனுக்குக் கூலி உயர்த்திக் கொடுக்க முடியாது. மூச்சடைத்து மாண்டவனை மேலே தூக்க முடியாது. நீதியின் கடனை உயிரோடிருப்பவனுக்குத்தான் செலுத்த முடியும். இன்று குழியில் இறங்குபவன் எவனோ, அவன்தான் அந்தச் செத்தவனின் வாரிசு.

இன்று நம் ஊரில் குழியில் இறங்குபவன் யார், வாசகரே?

நீங்கள் அறிவீர்கள். சாக்கடைக்குப் 'பாதாளச் சாக்கடை' என்று நாமே பெயர் வைத்திருக்கிறோம். நம் புழல் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்னும் பல வீடுகளில் செப்டிக் டேங்குதான். அது நிரம்பினால் யாரையாவது கூப்பிடுகிறோம். லாரிக் குழாய் உறிஞ்சாத அடிச்சேற்றை வாரிவிட ஒருவனை உள்ளே இறக்குகிறோம். சுரங்கத்தில் இருப்பது போலவே அங்கேயும் விஷவாயு உண்டு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்து அந்த நாற்றமும் தெரியாமல் போகும். அடுத்த மூச்சில் விழுவான். அவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும் விழுவான். பத்திரிகையில் ஒரே செய்தியில் இரண்டு பெயர், மூன்று பெயர் வருவது இதனால்தான்.

பிரிட்டன் நாட்டுச் சுரங்கங்களில் விஷவாயுவை அறியக் கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோவார்கள். 1986 முதல் அதற்கும் பதிலாகக் கருவிகளை வைத்தார்கள். நாமோ இன்னும் மனிதனை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பிறரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, சாமியார் வீட்டுத் தொட்டி நிரம்பிற்று. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான். நான் மாடியில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நாற்றம் வந்தது, எழுந்து சன்னலைச் சாத்தினேன். வேலை முடிந்ததும் உபதேசியார் பணம் கொடுத்து அனுப்பினார். அவன் பத்திரமாக மேலே வந்தான். அது சர்வேசுரனுடைய இரக்கம், என்னுடைய கவனம் அன்று. அவன் பெயரை நான் கேட்கவில்லை. பாட்டி கேட்ட கேள்விக்கு வாசலில் நான் தடுமாறியது ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும். அந்தப் பேரன் காசு கொடுத்துக் குழியைப் பார்த்தான். நான் காசு கொடுத்து, பார்க்காமல் இருந்தேன்.

இலாசர் உவமையிலே அந்தச் செல்வன் இலாசரை அடித்ததாக ஆண்டவர் சொல்லவில்லை, விரட்டியதாகவும் சொல்லவில்லை. வாசலில் கிடந்தவனைக் கண்டும் காணாமல் இருந்தான். அவ்வளவே அவன் நரகத்துக்குப் போதுமானதாயிருந்தது.

"என்ன செய்வது சாமி, ஏழை, வேலை கேட்டு அவனே வருகிறான், கொடுக்காவிட்டால் பட்டினி கிடப்பான்" என்பார் உண்டு. இந்த நியாயத்தைத்தான் சுரங்க முதலாளிகளும் சொன்னார்கள். 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' நிருபத்திலே இதற்கு விடை உண்டு. சுரங்கத்தில் பாடுபடுவோரைப் பெயர் குறித்தே பேசி, வேலையின் கடுமைக்கு ஏற்ப வேலைநேரம் குறைய வேண்டும் என்றார். பசி காரணமாக ஒருவன் ஒப்புக்கொண்டான் என்பதனால் அநீதி நீதி ஆகிவிடாது என்றும் போதித்தார். 2025இல் பட்டமேற்ற நம் பாப்பரசர் 14ஆம் லியோ, அவர் நினைவாகவே அப்பெயரைத் தரித்துக்கொண்டார்.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க பாதுகாப்பு இல்லாமல் ஒருவனைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய தொகையை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 இலட்சம் என்றும், 2023இல் 30 இலட்சம் என்றும் நிர்ணயித்தது. சட்டம் அதிகாரிகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்காரரும் அதற்கு உட்பட்டவரே.

ஆகவே, இந்த ஆத்துமங்களின் மாதத்திலே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பினால் இயந்திர வண்டியை மட்டும் அழையுங்கள். செலவு கூடினால் கூடட்டும், அடிச்சேறு மிஞ்சினால் மிஞ்சட்டும், மனிதனை இறக்காதீர்கள். வந்தவரிடம் பெயர் கேளுங்கள். வீட்டுக் குவளையிலே தண்ணீர் கொடுங்கள். தெருவில் யாரேனும் இறங்கக் கண்டால், நின்று தடுத்துக் கேளுங்கள். நம் பங்கு வீட்டிலும் இதுவே விதி. மீறக் கண்டால் என்னையே கேளுங்கள்.

எழும்பூர் மியூசியத்தை நம் பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்பார்கள். சிரிப்பாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் உண்டு. அது காலேஜ், படிக்க வேண்டிய இடம். சுரங்கக் காட்சிச்சாலையும் அப்படியே. படித்துவிட்டு வருகிறவன் நல்ல மாணாக்கன்.

செபமாலை தொடங்கும்போதெல்லாம் விசுவாசப் பிரமாணத்தில், ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று அறிக்கையிடுகிறோம். அவர் வேடிக்கை பார்க்க இறங்கவில்லை. அங்கே காத்திருந்தவர்களைக் கைபிடித்து மேலே கொண்டுவர இறங்கினார்.

சென்ற ஞாயிறு பாட்டியிடம் சொன்னேன்: "பாட்டி, பேரன் மேல் கோபம் வேண்டாம். அவனைக் கூப்பிட்டு உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள். அவர் எந்தக் குழியில் இறங்கினார், எப்படி இருமினார், எல்லாம் சொல்லுங்கள். அந்த இருட்டில் நின்று வந்தவன் அல்லவா, இப்போது அவனுக்கு விளங்கும்."

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பேரையே அவன்கிட்ட சொன்னதில்லே சாமி" என்றார்.

அன்று மாலைப் பூசையில் அந்தப் பெயருக்காக வேண்டிக்கொண்டோம். பெயர் தெரியாத இன்னொருவனுக்காகவும் நான் வேண்டிக்கொண்டேன்.

உங்கள் பங்குச் சுவாமி