நாடகாசிரியனும் நடிப்பாசானும்: பிறர் துயரைக் கையாளும் அறம்

முன்னுரை

நாடகத்தை எழுதுபவன் ஒருவன்; அதற்கென நடிகனைப் பயிற்றுபவன் பெரும்பாலும் மற்றொருவன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற்புலவன் முதலியோரின் தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. அவ்வகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. இசையாசிரியன் கவியின் குறிப்பை அறிந்தவனாதல் வேண்டும். புலவன் இசையோன் கருதியதை உணர்ந்து பாடலை அமைத்தல் வேண்டும். ஒருவர் துறையை மற்றவர் அறிதல் இருவர்க்கும் கடமையாகிறது. இக்கடமை கலைத்திறம் பற்றியது மட்டுமா, அறம் பற்றியதுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அமெரிக்க அரங்கிலிருந்து ஒரு சான்றும் தமிழ் அரங்கிலிருந்து ஒரு சான்றும் கொண்டு, கோலார் தங்கவயலை உரைகல்லாக வைத்து இவ்வினா ஆராயப்படுகிறது.

நினைவும் சூழலும்

1931இல் நியூயார்க்கில் தோன்றிய குரூப் தியேட்டர் என்னும் நாடகக் குழுவில் நடிப்புப் பயிற்சியை முன்னின்று நடத்தியவர் லீ ஸ்ட்ராஸ்பெர்க். ரஷ்ய அரங்கவியலாளர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் தொடக்கக் காலக் கருத்துகளைத் தழுவி, ‘உணர்ச்சி நினைவு’ என்னும் பயிற்சியை அவர் வலியுறுத்தினார். நடிகன் தன் வாழ்வில் பட்ட துயரை நினைவிலிருந்து மீட்டெடுத்து, அதனைப் பாத்திரத்தின் துயராக வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். வெற்று அபிநயத்தையும் பொய்க் கண்ணீரையும் மேடையிலிருந்து அகற்ற இம்முறை துணைசெய்தது என்பதை மறுத்தற்கில்லை.

அக்குழுவில் நடிகராகச் சேர்ந்து நாடகாசிரியராக வளர்ந்தவர் கிளிஃபோர்டு ஒடெட்ஸ். நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களின் 1934ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை அடியொற்றி அவர் எழுதிய ‘லெஃப்டிக்காகக் காத்திருத்தல்’ 1935 ஜனவரியில் மேடையேறியது. நடிகர் சிலர் பார்வையாளர் நடுவே அமர்ந்து குரல் எழுப்பினர்; முடிவில் அவையோரும் சேர்ந்து வேலைநிறுத்த முழக்கமிட்டனர். இங்கே ஒரு சிக்கல் தோன்றுகிறது. மேடையில் ஓட்டுநனாக நிற்பவன் தன் சொந்த இழப்பை எண்ணி அழுதால், அவையோர் கண்டது யாருடைய துயர்?

இவ்வினாவுக்கு அருகில் வந்தவர் அக்குழுவின் நடிகை ஸ்டெல்லா அட்லர். 1934இல் பாரிசில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியை நேரில் கண்டு சில வாரம் பயின்று திரும்பிய அவர், நடிகன் தன் கடந்த காலத்தைத் தோண்டுவதினும் நாடகாசிரியன் தந்த சூழலைக் கற்பனையாலும் செயலாலும் அடைவதே முதன்மையானது என்றார். ஸ்ட்ராஸ்பெர்க் இதனை ஏற்கவில்லை. பயிற்சி முறை பற்றிய பூசலாகவே இது பெரிதும் பேசப்படுகிறது. அதனுள் அறப்பூசல் ஒன்று இருப்பதும் கருதத்தக்கது.

வாத்தியார் மரபு

தமிழ் அரங்கில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகாசிரியராகவும் பயிற்றுநராகவும் ஒருங்கே விளங்கினார். ‘வாத்தியார்’ என்னும் சொல் அவ்விரு பணிகளையும் தழுவி நின்றது. பிற்காலத்தில் இவை பிரிந்து மீண்டும் சந்தித்தமைக்கு ந. முத்துசாமியும் (1936–2018) புரிசை கண்ணப்பத் தம்பிரானும் சான்றாவர். நவீன நாடகம் எழுதியவரும் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியவருமான முத்துசாமி, தெருக்கூத்தினைத் தமிழரின் முழுமையான அரங்கு எனக் கண்டு, கூத்து வாத்தியாரைத் தம் நடிகர்க்கு ஆசானாக்கினார். எழுத்தாளர் பயிற்றுநரை நாடிச் சென்ற நிகழ்வு இது.

கூத்தில் நடிகனின் தனிநினைவு கேட்கப்படுவதில்லை. அடவும் பாட்டும் குரலும் வேடத்தின் சுமையும் அவனுக்குப் பயிற்றப்படுகின்றன. திரௌபதியின் துயர் ஊரார் அனைவரும் முன்பே அறிந்த பொதுத்துயர். நடிகன் அதன் உடைமையாளன் ஆகான், அதனைத் தாங்கிச் செல்பவனே ஆவான்.

தங்கவயல் என்னும் உரைகல்

புரிசை அமைந்த பழைய வட ஆர்க்காட்டு நிலத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றோர் பலர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப்பணி, 2001 பிப்ரவரியில் அரசு நிறுவனத்தின் மூடலோடு முடிந்தது. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம், அழுத்தம் தாங்காது தானே வெடித்துச் சிதறும் பாறை, கல்தூசு படிந்து நுரையீரலை அரிக்கும் சிலிகோசிஸ் என அத்தொழிலாளர் வாழ்வு அமைந்தது. கைரேகை பதியக் கட்டாயப்படுத்திய ஆணையை எதிர்த்து 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஒடெட்ஸின் நாடகத்திற்கு ஐந்தாண்டு முற்பட்ட நிகழ்ச்சி இது.

இவ்வாழ்வை ஒருவர் நாடகமாக்குவதாகக் கொள்வோம். சுரங்கத்தில் கணவனை இழந்தவளாக நடிப்பவள், தன் தாயின் இறப்பை எண்ணி அழுகிறாள். அவள் கண்ணீர் மெய்யே. ஆயினும் அந்தக் கைம்பெண்ணின் துயரில் இழப்போடு வறுமையும், குடியிருந்த லைன் வீடு என்னாகுமோ என்னும் அச்சமும், கைரேகையால் குற்றவாளிபோல் எண்ணப்பட்ட இளிவும் உண்டு. நடிகையின் நினைவில் இவை இல்லை. மெய்யான கண்ணீரே பிறர் துயரை மறைக்கும் திரையாகிவிடக்கூடும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்குத் துணைவருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை அது கூறும். அவலம் தன்கண் தோன்றுவதும் பிறன்கண் தோன்றுவதும் உண்டு என உரைமரபு விளக்கும். ஆகவே, ஓர் அழுகையை அறிய அது எக்களத்தில், எவரிடத்துத் தோன்றியது என்பதையும் அறிதல் வேண்டும். களம் மாறின் அழுகையும் வேறு.

தடையும் விடையும்

தான் துயருறாதவன் பிறர் துயரை எங்ஙனம் அறிவான் எனத் தடை எழலாம். தடை வலுவானதே. சொந்த நினைவு பிறர் துயருக்குள் புக ஒரு வாயிலாகலாம்; வாயிலைக் கடந்தபின் அங்கேயே நிற்றல் தகாது. மேலும், நடிகனின் அந்தரங்கத் துயர் ஆசானின் ஆணைக்கு உட்பட்ட பொருளன்று. அதனை அவன் தானே தரலாம். பிறர் தோண்டி எடுத்தல் ஆகாது. தொழிலாளரின் உடலுழைப்பு வரைமுறையின்றிச் சுரண்டப்பட்டதைக் கண்டிக்க எழுந்த நாடகம், தன் ஒத்திகைக் கூடத்தில் நடிகனின் உள்ளத்தை அவ்வாறே சுரண்டுமாயின், தன் பொருளையே தான் மறுத்ததாகும்.

முடிவுரை

சொல் நாடகாசிரியனுடையது, பயிற்சி ஆசானுடையது, மேடையில் காட்டப்படும் துயரோ இருவர்க்கும் உரியதன்று. அதனைப் பட்டவர்க்கே அது உரியது. எனவே, களத்தைப் பிழையறத் தருதல் நாடகாசிரியன் கடன். நடிகனை அக்களத்திற்கு அழைத்துச் செல்லுதல் ஆசான் கடன். இருவரும் ஒருவர் குறிப்பை மற்றவர் உணர வேண்டும் என்ற அரங்கேற்று காதையின் வரையறை, அவை ஏறாத அந்த மூன்றாமவர்க்குச் செய்யும் நீதியாலேயே முழுமை பெறும். சுரங்கம் மூடப்பட்ட ஊரில் அதனை அறிந்தோர் இன்றும் வாழ்கின்றனர். தங்கவயலைப் பற்றி நாடகம் செய்வோர் முதலில் பயிலவேண்டிய பள்ளி அவர்களிடமே உள்ளது.