நீர்க்கோயிலும் நெல்வயலும்

பாலித் தீவின் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கியது மனிதன்தான். வெட்டியபின் சரிவு அவனைத் தன்போக்கில் இருக்கவிடவில்லை. கீழ்வயல்காரனுக்கு மேலிருந்து தண்ணீர் வேண்டும்; மேல்வயல்காரனுக்கோ, கீழே கண்டபடி நட்டுப் பூச்சி பெருகாமல் இருக்க வேண்டும். எனவே எப்போது நடுவது, எப்போது தரிசு விடுவது என்று நீர்க்கோயில்களில் கூடித் தீர்மானித்தார்கள்.

இது வெறும் பாசன நிர்வாகம், சாமி மேற்பூச்சு என்பது வழக்கமான ஆட்சேபம். 1970களில் அரசு வேளாண் அதிகாரிகளும் அப்படித்தான் எண்ணினார்கள். கோயில் முறைவைப்பை ஒதுக்கி, ஓயாமல் நடச் சொன்னார்கள். புகையான் பூச்சியும் எலியும் வயலை அழித்தன. மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பழைய முறையின் பலனைக் கணினி மாதிரியில் காட்டினார். இதனால் தெய்வம் உண்டென்று நிரூபணமாகாது, சரிதான். ஆனால் அடுத்தவன் வயலைக் கடந்தே தனக்குத் தண்ணீர் வருகிறது என்ற கடப்பாட்டை பாலி விவசாயி பாத்தூர் ஏரியின் தெய்வமான தேவி தானுவுக்குப் படைத்தே உணர்ந்தான். பக்தியைக் கழித்த அதிகாரிகள் அந்தக் கடப்பாட்டையும் சேர்த்தே கழித்துவிட்டார்கள்.