சேணத்தைக் கழற்றிய பிறகு

1928-ல் மாரிஸ் ஃப்ராங்க் என்ற அமெரிக்க இளைஞர் ஸ்விட்சர்லாந்துக்குப் போய் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயோடு ஊர் திரும்பினார். வயது இருபது. பார்வை கிடையாது. நாயின் பெயர் 'கிஸ்'. நாலு பேர் நடுவில் எப்படி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? 'பட்டி' என்று மாற்றிக்கொண்டார். தோழன் என்று அர்த்தம். நியூயார்க்கில் நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நெரிசலான ஒரு சாலையை அந்த நாயை நம்பிக் கடந்து காட்டினார். அமெரிக்காவில் வழிகாட்டி நாய்களுக்கான முதல் பள்ளி அடுத்த வருஷமே தொடங்கிவிட்டது.

1938-ல் பட்டி இறந்தது. அடுத்து வந்த நாய்க்கும் பட்டி என்றே பெயர் வைத்தார் ஃப்ராங்க். அதற்கடுத்து வந்ததற்கும்!

இது விசுவாசமா, பல்பு ஃபியூஸ் போனால் வேறு பல்பு மாட்டுகிற சமாசாரமா?

வழிகாட்டி நாய் சுமார் இரண்டு வயதில் வேலைக்கு வருகிறது. கைப்பிடி வைத்த சேணத்தை மாட்டினால் டியூட்டி. கழற்றினால் விளையாட்டு. 'போ' என்று எஜமானர் சொன்னாலும், எதிரே கார் வந்தால் அது நகராது. எப்போது சொன்ன பேச்சைக் கேட்கக் கூடாது என்பதும் அதன் பயிற்சியில் ஒரு பாடம். அதனால்தான் கண்ணும் காதும் மங்கும்போது, 'இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே' என்று தள்ளிப்போட முடிவதில்லை. நடுரோட்டில் ஒரு தப்பு நடந்தால் இரண்டு உயிருமே போய்விடும். ஆகவே நன்றாக இருக்கும்போதே ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள்.

மனிதர்களுக்கு ஓய்வு என்றால் மாலை, பொன்னாடை, நாலு பேர் புகழுரை. நாய்க்கு யார் போய்ச் சொல்வது? சேணத்தைக் கையில் எடுக்கும் சத்தம் கேட்டதும் பழைய நாய் வழக்கம்போல் வாசலில் வந்து நிற்கும். சேணம் புதியவன் கழுத்தில் ஏறும். கதவு சாத்தப்படும். தான் என்ன தப்பு செய்தோம் என்று அது யோசிக்குமா? தெரியாது. ஆனால் வெளியே போகிறவருக்கு நெஞ்சு கனக்கும் என்பது நிச்சயம்.

இங்கேதான் தர்மசங்கடம். சின்ன வீடு, தனியாள், இரண்டு பெரிய நாய்கள். பழையதைத் தானே வைத்துக்கொள்வதா? குட்டியில் அதை வளர்த்துக் கொடுத்த குடும்பம் ஆசையோடு கேட்டால் அனுப்புவதா? 'இத்தனை வருஷம் உழைத்த ஜீவனை அனுப்பினால் நன்றி கெட்டவனாகிவிடுவேனே' என்று மனசு அடித்துக்கொள்ளும்.

நன்றி என்பது யாருக்காக? அடைக்கலம் தந்தோம் என்ற திருப்தி நமக்கு, தினமும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை அதற்கு என்றால், அதை நன்றி என்று சொல்ல முடியுமா? நம் குற்ற உணர்ச்சிக்கு அதைக் காவல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நாள் முழுக்கக் கூட இருந்து கொஞ்ச ஆள் உள்ள வீடு என்றால் அனுப்புவது துரோகமில்லை. அந்தப் பிரிவின் வலியைத் தான் சுமந்துகொண்டு, நிம்மதியை நாய்க்குக் கொடுக்கிறார். மாறாக, இனி பிரயோஜனமில்லை என்று கணக்குப் போட்டு அனுப்பினால், அதே காரியம் பாவமாகிவிடும்.

புதுசாக வந்ததற்கும் நியாயம் வேண்டும். 'அவன் இருந்தால் இந்நேரம் திரும்பியிருப்பான்' என்று திருப்பத்துக்குத் திருப்பம் ஒப்பிட்டால் அது என்ன செய்யும் பாவம்! இந்த வாசனை, இந்த நடை, இந்தக் குரல் எல்லாமே அதற்குப் புதுசு. நம்பிக்கையை முதலிலிருந்து சம்பாதித்தாக வேண்டும்.

ஃப்ராங்க் ஒரே பெயரை வைத்ததில் தப்பில்லை என்றே தோன்றுகிறது. அந்தப் பெயரை அவர் ஒரு பதவியாக நினைத்திருக்கலாம். பதவிக்கு அடுத்த ஆள் வரலாம், வரத்தான் வேண்டும். ஆனால் முதல் பட்டியோடு முதன்முதலாகத் தெருவைக் கடந்த அந்த நிமிஷத்துக்கு வாரிசு கிடையாது.

உங்களுக்காக உழைத்து ஓய்ந்தவர் யாராவது வீட்டில் இருக்கிறாரா? அவருக்கு எது நல்லது என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்?