வானத்தின் கணக்கு

சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கும் நாட்களில், ராசிபுரத்து வானம் சில மாலைகளில் நான்கு மணிக்கெல்லாம் கருத்துவிடும். போதமலைப் பக்கமிருந்தோ கொல்லிமலைப் பக்கமிருந்தோ மேகம் திரண்டு வரும். புழுதிக் காற்று தெருவை ஒரு சுழற்றுச் சுழற்றும். கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார்கள். ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் காயப் போட்டதை வாரிக் குவிக்க ஆட்கள் ஓடுவார்கள். பிறகு மழை. ஏதோ சில ஆண்டுகளில் அந்த மழையோடு ஆலங்கட்டியும் விழுவதுண்டு. தகரக் கூரையில் அது எழுப்பும் ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். பிள்ளைகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவார்கள். பெரியவர்களோ காரை எங்கே நிறுத்தினோம் என்று நினைத்துப் பெருமூச்செறிவார்கள்.

ஒரு காலத்தில் ஆலங்கட்டி என்றால் வாழையும் வெற்றிலையும் மாம்பிஞ்சும்தான் நினைவுக்கு வரும். இன்று கடன் வாங்கியாவது ஒரு கார் வாங்கிய குடும்பங்கள் நம்மில் பெருகிவிட்டன. வீட்டுக்குள் நிறுத்த இடமின்றித் தெருவோரத்தில் நிற்கும் அந்தக் காரின் மேல்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. இடிமேகத்துக்குள் மேல்நோக்கி வீசும் காற்று நீர்த்துளிகளைத் தூக்கிச் சென்று உறைய வைக்கிறது. உறைந்த துளியின்மேல் நீர் படிந்து படிந்து கட்டி பெருக்கிறது. இனித் தாங்க முடியாது என்று காற்று கைவிடும்போது அது பூமிக்கு வருகிறது. எலுமிச்சம்பழம் அளவுள்ள கட்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். வழுவழுப்பான தகட்டில் அது பதிக்கும் ஒடுக்கு சிறியது, வட்டமானது. பெரும்பாலும் பெயின்டுகூட உரியாது.

இதைப் பெரிய இழப்பாகப் பேசுவது தகுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1888 ஏப்ரல் 30ஆம் நாள் வடநாட்டு மொராதாபாத்தில் பெய்த ஆலங்கட்டி 246 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் முன்னே தகட்டு ஒடுக்கு எம்மாத்திரம்! ஆயினும் பொருள் சிறியதாக இருக்கும் இடத்தில்தான் மனிதன் தன் மனச்சாட்சியோடு தாராளமாக விளையாடுகிறான். உயிர் போன வீட்டில் எவரும் கணக்கைத் திரித்து எழுதுவதில்லை. கதவு நெளிந்த வீட்டில் எழுதுகிறோம். நாம் இங்கே எடுத்துக்கொண்ட வினாவும் அதுவே: வானம் செய்த சேதம் எது, நாம் செய்த சேதம் எது, இரண்டையும் ஒரே கணக்கில் எழுத நமக்கு உரிமை உண்டா?

மழை விட்ட மறுநாள் காலை ஏதேனும் ஒரு பட்டறையை மனக்கண்ணில் கொண்டுவருவோம். டிங்கர் மேஸ்திரி காரைச் சுற்றி வருகிறார். மேற்கூரையில் பதினைந்து இருபது ஒடுக்குகள், பானெட்டில் ஏழெட்டு. பின்பக்கக் கதவின் அடியில் மட்டும் நீளமாக ஒரு நெளிவு. அது மூன்று மாதத்துக்கு முன் வீட்டு வாசல் தூணில் உரசியது. மேஸ்திரிக்கும் அது தெரியும், வண்டிக்காரருக்கும் தெரியும். "கதவையும் இதிலேயே சேத்து எழுதிடலாம் பாய். எப்படியும் க்ளெய்ம் போடத்தானே போறீங்க" என்கிறார் மேஸ்திரி. அவர் கெட்ட மனிதர் அல்லர். வாடிக்கையாளருக்கு ஓர் உதவி செய்வதாகவே நினைக்கிறார். அந்த "எப்படியும்" என்ற சொல்லுக்குள் ஒரு முழு ஏற்பாடே அடங்கியிருக்கிறது. அதைச் சற்று விரித்துப் பார்ப்பது பயன் தரும்.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது, நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டை மட்டுமே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நம் காரில் விழுந்த ஆலங்கட்டிக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுத்த பாலிசியில்தான் புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு ஆலங்கட்டி மழையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கும். அங்கும் முழுத்தொகை கைக்கு வராது. 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவாக முதல் 1000 ரூபாய் நம்முடையது. வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர்ப் பாகங்களை மாற்றினால் பாதிப் பணமும், ஐந்தாம் ஆண்டு நடக்கும் காரின் உலோகப் பாகத்தை மாற்றினால் 35 விழுக்காடும் தேய்மானமாகக் கழியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்துவந்த தள்ளுபடி போய்விடும். முதல் ஆண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டு பொறுத்தவருக்கு 50 விழுக்காடு வரை வளர்ந்த சலுகை அது.

மனம் எப்படிக் கணக்கிடுகிறது என்பதை இனி எளிதில் காணலாம். கூரையைச் சீர்செய்ய 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்காகத் தள்ளுபடியை இழக்கவேண்டும், கழிவையும் ஏற்கவேண்டும். "இவ்வளவு இழந்துவிட்டு வெறும் கூரையோடு நிறுத்துவானேன்?" என்கிறது மனம். கதவு, பம்பர், மங்கிப்போன பெயின்டு என்று பழைய பாக்கிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஆலங்கட்டியின் பெயரில் பதிவாகின்றன. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எழாதவாறு, இழந்ததை ஈடு செய்கிறோம் என்ற போர்வை அதன்மேல் விழுந்துவிடுகிறது.

உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் வந்து பார்ப்பார். ஆலங்கட்டி மேலிருந்து விழுவது, கதவின் அடியில் நீளமாகக் கீறாது என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் அகப்படுவோமா மாட்டோமா என்பது ஒழுக்கத்தின் வினாவே ஆகாது. எனவே அதை விட்டுவிடுவோம்.

"கம்பெனிப் பணம்தானே, எவன் வீட்டுப் பணம்?" என்போர் உண்டு. கம்பெனி என்பது ஒரு மனிதன் அன்று என்பதால் அதன் பணத்துக்கு உடையவர் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். அந்தப் பெட்டியில் இருப்பது நாமக்கல்லின் லாரிக்காரரும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரும், நம் தெருமுனை ஆட்டோக்காரரும் ஆண்டுதோறும் கட்டிய பிரிமியம். இழப்பீடுகள் ஏறினால் அடுத்த ஆண்டுகளின் பிரிமியமும் ஏறத்தான் செய்யும். நம் கதவுக்குரிய பணத்தை முகம் தெரியாத அந்த மனிதர்கள் சிறு சிறு பங்காகக் கட்டுகிறார்கள். முகம் தெரிந்தால் கேட்டிருக்கமாட்டோம். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரிடம் போய், "என் கதவைத் தூணில் உரசிவிட்டேன், ஐந்து ரூபாய் கொடு" என்று கேட்க நம்மில் எவருக்கு வாய் வரும்?

"அவர்கள் மட்டும் யோக்கியர்களா? தேய்மானம், கழிவு, தாமதம் என்று நம்மை அலைக்கழிக்கவில்லையா?" என்ற வாதம் இதைவிட வலிமையுடையது. அலைக்கழிப்பு நடப்பதை மறுக்க முடியாது. ஆனால் தேய்மானமும் கழிவும் பாலிசித் தாளிலேயே எழுதப்பட்டவை; படிக்காமல் கையெழுத்திட்டது அவர்கள் குற்றமாகாது. எழுதியதையும் மீறி ஏய்த்தால் அதற்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நுகர்வோர் மன்றம் இருக்கிறது. ஏய்த்தவனிடம் நியாயம் கேட்பது வேறு, ஏய்க்கும் கலையை அவனிடமே கற்றுக்கொள்வது வேறு.

நம் சமுதாயத்துக்கே உரிய மூன்றாவது சமாதானம் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. வணிகக் காப்பீடு ஆகுமா ஆகாதா என்பதில் மார்க்க அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்து வந்திருக்கிறார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை, வணிகக் காப்பீட்டு ஒப்பந்தம் ஆகாதென்றும், ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டுறவுக் காப்பீடே ஏற்றதென்றும் முடிவு கூறியது. இதைக் கேள்விப்பட்ட சிலர், "அந்தப் பணமே சந்தேகத்துக்குரியது, அதில் கூடக்குறைய எடுத்தால் என்ன?" என்று பேசுகிறார்கள். விந்தையான தர்க்கம்! பேணுதல் உடையவர் ஐயத்துக்குரிய பணத்தில் குறைத்து எடுப்பார். கட்டிய பிரிமியத்துக்கு மேல் தமக்கு வேண்டாம் என்று ஒதுங்குவோரும் உண்டு. ஐயத்தைக் காரணம் காட்டிக் கூட்டி எடுக்கும் பேணுதலை எந்த மத்ஹபிலும் நாம் காணவில்லை.

பணத்தைவிடப் பெரிய ஒன்றும் இதில் சிக்கியிருக்கிறது. ஆலங்கட்டி யாரைத் தொடவேண்டும், யாரை விட்டு விலகவேண்டும் என்பது இறைவனின் நாட்டத்தைச் சேர்ந்தது எனத் திருமறையின் அந்நூர் அத்தியாயம் 43ஆம் வசனம் உணர்த்துகிறது. இதை நம்புகிறவர், தாம் தூணில் உரசிய கதவை ஆலங்கட்டி நெளித்தது என்று கையொப்பமிடும்போது யாருடைய செயலைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்? மனிதன் மீது பொய்ச்சாட்சி சொன்னால் அவன் மறுத்துப் பேசுவான், வழக்காடுவான். வானமோ எதையும் மறுக்காத பிரதிவாதி. அதனால்தான் அதன் தலையில் எதையும் ஏற்றிவிடலாம் என்று துணிகிறோம். "அல்லாஹ்வின் நாட்டம்" என்று நாவால் சொல்லிவிட்டு, அவன் நாடாத ஒன்றையும் அவன் கணக்கில் கையால் எழுதுவது எளிய பிழையாக நமக்குத் தோன்றவில்லை.

இந்தப் பொய்க்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. இழப்பீடு கேட்கும்போது ஆலங்கட்டி செய்யாததையும் செய்ததாகச் சொல்கிறவரே, காரை விற்கும்போது அது செய்ததையும் மறைக்கிறார். ஒடுக்குகளில் பட்டி போட்டு, மேலே பெயின்டு அடித்து, மெழுகு தேய்த்து நிறுத்தினால் வாங்குகிறவருக்குத் தெரியாது. இரண்டு மூன்று கோடைக்குப் பிறகு பட்டி விரிசல் விடும்போதுதான் தெரியவரும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, முஸ்லிம் நூலில் பதிவானது. வணிகர் சொன்ன விடையை மட்டும் கேட்டவுடன் மறந்துவிடுகிறோம். மழை நனைத்துவிட்டது என்றார் அவர். அது உண்மை, வானம் செய்ததுதான். அண்ணலார் மழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்றே கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் அறிவித்தார்கள். நனைத்தது மழை. நனைந்ததை அடியில் வைத்தது எவர் கை?

ராசிபுரத்தாருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. களத்தில் மழை பட்ட ஜவ்வரிசியை நல்லதோடு கலந்து மூட்டை பிடித்தால் என்ன ஆகும் என்பது இந்த வட்டாரத்தில் அனைவரும் அறிந்தது. வெயிலில் காயும் தொழில் இது. மழை அதன் நிரந்தரப் பகை. நனைந்ததை நனைந்தது என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் ஆலைக்காரர் அன்று கொஞ்சம் நட்டப்படுவார். காரிலும் அப்படித்தான். "ஆலங்கட்டியில் அடிபட்டது, கூரையைச் சீர்செய்திருக்கிறேன்" என்று சொல்லி விற்றால் விலை சில ஆயிரம் குறையும். அந்தச் சில ஆயிரம்தான் உண்மையில் ஆலங்கட்டி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. மறைத்து விற்கும்போது அந்த நட்டத்தை அவர் வாங்குகிறவரின் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். மறைத்த குறையைக் கண்டவர் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் தந்திருப்பதும் இதனால்தான்.

1984 ஜூலை 12ஆம் நாள் மாலை, ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெய்த ஆலங்கட்டியில் சுமார் 2,00,000 கார்கள் சேதமடைந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்தது ஏறத்தாழ 150 கோடி மார்க். உலகின் காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு அளிக்கும் பெருநிறுவனம் ஒன்றின் தலைமையகம் அதே நகரில் இருந்தது என்பது சுவையான செய்தி. அவ்வளவு பேர் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு அங்கே இருந்தது. ஆலங்கட்டி விழும் எல்லா ஊரிலும் அப்படி இல்லை. அங்கே நட்டம் மேலேயிருந்து கீழே உருண்டுகொண்டே வந்து, தள்ளிவிட வேறு ஆள் இல்லாதவரின் தலையில் நின்றுவிடுகிறது.

வாடகைக்கார் ஓட்டும் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். சவாரியை இறக்கிவிட்டுத் திறந்த வெளியில் காத்திருக்கிறார். மேகம் கருக்கிறது, ஒதுங்க ஒரு புளிய மரம்கூட இல்லை. முன்கண்ணாடி நொறுங்குகிறது. முதலாளியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, "பாத்து நிறுத்தக் கூடாதாப்பா?" என்ற ஒரு கேள்வி, மாதக் கடைசியில் சம்பளத்தில் ஒரு பிடித்தம். இது ஊர்தோறும் நடக்கிறது; நம்மவர் வண்டிகளிலும் நடக்கிறது.

மரத்திலிருக்கும் பழத்தை ஒருவர் தம் சகோதரருக்கு விற்றபின் பேரிடர் அதை அழித்துவிட்டால், அதற்குரிய பணத்தை வாங்குவது ஆகாதெனவும், எந்த உரிமையில் சகோதரனின் பொருளை எடுக்கமுடியும் எனவும் பெருமானார் (ஸல்) அவர்கள் வினவியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதிலிருந்து எழும் சட்டத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூன்றில் ஒரு பங்கு அழிந்தால் கழித்தே ஆகவேண்டும் என்பார் இமாம் மாலிக். ஹனஃபீ அறிஞர்கள் அதை விரும்பத்தக்கதாகவே கொள்வர். ஆனால் அந்தக் கேள்வி பழத்தோடு நின்றுவிடவில்லை.

முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. கட்டாயக் கழிவு போக அதன் விலை முதலாளிக்கு வந்துவிடும். அது வந்த பின்னும் ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்த தொகையைத் திருப்பித் தராமல் வைத்திருக்கும் முதலாளி, ஒரே கண்ணாடிக்கு இருவரிடம் விலை வாங்கியிருக்கிறார். அடுத்த மாதச் சம்பளத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஓட்டுநர் அதைக் கேட்கமாட்டார். கேட்டால் வேலை போகும் என்பது அவருக்குத் தெரியும்.