அளவும் அளவறிதலும்

நேற்றுவரை குற்றமற்றதாக இருந்த ஒரு செயல், இன்று ஓர் அரசாணை வெளியானதும் குற்றமாகிவிடுகிறது. செயலில் மாற்றமில்லை, செய்பவனும் அவனே. அப்படியானால் தர்மம் ஓரிரவில் மாறிவிட்டதா? மாறக்கூடியது தர்மம் ஆகுமா? இந்தக் கேள்வி தத்துவ வகுப்பறையில் மட்டுமின்றி, மும்பைக் கடற்கரைப் பாறைமீது தூண்டிலுடன் அமர்ந்திருப்பவன் முன்னும் எழுகிறது.

2023 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு 54 வகைக் கடல் மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்தது. மராட்டியர் பாப்லெட் என்றழைக்கும் வெள்ளை வாவலுக்கு 135 மில்லிமீட்டர். வஞ்சிரத்திற்கு 370 மில்லிமீட்டர். அதே மாதத்தில் வெள்ளை வாவல் மாநில மீனாகவும் அறிவிக்கப்பட்டது. கேரளம் 2015-இல் 14 வகைகளுக்கும், 2017-இல் 58 வகைகளுக்கும் இத்தகைய அளவை விதித்திருந்தது. இவற்றின் காரணம் எளியது. முட்டையிடும் பருவத்தை எட்டுமுன் பிடிபடும் மீன் தன் சந்ததியையும் உடன் கொண்டுபோகிறது.

தாராவியின் பழைய குடிகள் கோலி மீனவர்கள். இன்று அங்கே வாழும் நம் தமிழரில் மீன் உண்போர் பலர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மீனைத் தொடாத குடும்பங்கள் பல. பின்னவர்கள் 'இது நம்மைச் சேர்ந்த விஷயமல்ல' என எண்ணலாம். ஆனால் இங்கே ஆராயப்படுவது உணவைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. தடுப்பார் இல்லாத இடத்தில் மனிதன் தன் ஆசைக்கு எங்கே எல்லை வகுக்கிறான் என்பதைப் பற்றியது.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் கௌசிகர் என்ற அந்தணர், தர்மத்தை அறிய மிதிலையிலுள்ள ஓர் இறைச்சிக் கடைக்கு அனுப்பப்படுகிறார். அங்கிருந்த தர்மவியாதன், பரம்பரையாக வந்த தொழிலைப் பேராசையின்றிச் செய்து, பெற்றோரைப் பேணி வந்தவன். பிழைப்புக்காகச் செய்யும் தொழிலை நம் முன்னோர் அவசரப்பட்டு இகழ்ந்ததில்லை என்பதற்கு அவன் கதை சான்று. கடலை நம்பி வாழும் மீனவனுக்காகப் பசி வாதாடுகிறது. பொழுதுபோக்கிற்காகத் தூண்டில் போடுபவனுக்காக வாதாட யார் உளர்? தேவை குறையக் குறையப் பொறுப்பு கூடுகிறது. சட்டம் இருவருக்கும் ஒரே அளவைச் சொல்லலாம். தர்மம் பின்னவனிடம் அதிகமாகவே எதிர்பார்க்கும்.

'நான் பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறேனே' என்று அவன் கூறலாம். கொல்வதைவிட விடுவது மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொக்கி வாயைக் கிழித்தது உண்மை. மீன் துடித்தது உண்மை. விடப்பட்டவற்றில் சில பின்னர் இறந்துவிடுவதும் உண்மை. பிற உயிரின் துடிப்பிலிருந்து நம் இன்பம் பிறக்கலாமா என்ற கேள்விக்கு விடுவித்தல் விடையாகாது. அக்கேள்வியை அவனே தன் உள்ளத்தில் ஆராயவேண்டும்.

இனி, மாறும் விதிகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்னும் மீன் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு மிக விருப்பமானது. அம்மீன் அருகியதால் மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிப்பதையே தடை செய்தது. 2020-இல் அக்கடற்கரையில் 28 அங்குலம் முதல் 35 அங்குலத்திற்குள் உள்ளவற்றை மட்டும் எடுக்கலாம் என்றாயிற்று. 2022-இல் தூண்டில்காரர்கள் எடுத்துச் சென்ற மீன் முந்திய ஆண்டைப்போல் ஏறத்தாழ இருமடங்காகவே, 2023 மே மாதத்தில் அவசர விதியின் மூலம் மேல் எல்லை 31 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. 33 அங்குல மீனை ஏப்ரலில் எடுத்தவன் சட்டத்தைக் காத்தவன். புதிய விதி நடைமுறைக்கு வந்தபின் எடுத்தவன் மீறியவன்.

இதைக் கண்டு, 'அறமெல்லாம் அவ்வப்போது மனிதர் செய்துகொள்ளும் ஏற்பாடே' என்று முடிவு கட்டுவது தவறு. நோய்க்கேற்ப மருத்துவர் பத்தியத்தை மாற்றுகிறார். பத்தியம் மாறுவதால் ஆரோக்கியம் என்னும் நோக்கம் மாறுவதில்லை. நோக்கம் மாறாதிருப்பதாலேயே பத்தியம் மாறவேண்டியிருக்கிறது. அதுபோல, பொதுச் சொத்தை அழியாமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்வது மாறாத கடமை. அதை நிறைவேற்றும் அளவு, கடலின் நிலைக்கேற்ப மாறும். முன்னதைச் சாமானிய தர்மம் என்றும், பின்னதை விசேஷ தர்மம் என்றும் கொள்ளலாம்.

ஆகவே அளவு வேறு, அளவறிதல் வேறு. அளவு வெளியிலிருந்து விதிக்கப்படுகிறது. அளவறிதல் உள்ளே விளைகிறது. கோலி மக்கள் சிராவண மாதத்து நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்தபின் மீன்பிடியைத் தொடங்குவது மரபு. மேற்குக் கடற்கரையில் 2025-இல் அரசின் 61 நாள் மழைக்காலத் தடை ஜூலை 31-இல் முடிந்தது. அப்பௌர்ணமியோ ஆகஸ்டில்தான் வந்தது. மரபைப் போற்றுபவன் சட்டம் கேட்டதற்கும் மேலாகச் சில நாட்கள் காத்திருக்கிறான். அவனைக் காத்திருக்கச் செய்வது தண்டனையின் அச்சமன்று. கடலைத் தாயாகக் காணும் பணிவு.

பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலையை நம் நூல்கள் மச்ச நியாயம் என்கின்றன. அது நிலவாதிருக்கவே அரசு தோன்றியது என்பர். மனுவின் கையில் வந்து சேர்ந்த சிறுமீனும், 'பெரியவை என்னை விழுங்கிவிடும், காப்பாற்று' என்றே வேண்டியது. அவர் அதை வளர்த்துக் கடலில் விட்டார்; பிரளயத்தில் அதுவே அவர் ஓடத்தைக் காத்தது. இன்று கடலின் மிகப் பெரிய மீன் மனிதன். அவனிடமிருந்து சிறியவற்றைக் காக்க, அவனேதான் முன்வரவேண்டும்.

படகுகளையும் சந்தைகளையும் மனத்திற்கொண்டே இத்தகைய ஆணைகள் எழுதப்படுகின்றன. பாறைமீது தனியே அமர்ந்திருப்பவனிடம் அளவுகோலுடன் எவரும் வருவது அரிது. அவன் கையில் 130 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வாவல் துடிக்கிறது என்று கொள்வோம். பார்ப்பவர் எவருமில்லை. குறைவது வெறும் ஐந்து மில்லிமீட்டர், ஒரு நெல்மணியளவுகூட இல்லை. அந்தச் சிறிய இடைவெளியில்தான் அவனுடைய விவேகம் முழுவதும் சோதிக்கப்படுகிறது. மீனைச் சந்தையில் வாங்குபவருக்கும் அதே சோதனை உண்டு. மலிவாகக் கிடைக்கும் குஞ்சு மீனை மறுப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

135 என்ற எண் நாளை மாறலாம். போதும் என்று தானே சொல்லக் கற்றவனுக்கு அந்த மாற்றம் சுமையாவதில்லை.