சாலையில் ஒரு ஆள் எத்தனை?

நம் நகரச் சாலைகளை அளக்க ஓர் அலகு இருக்கிறது. பி.சி.யூ., அதாவது பாசஞ்சர் கார் யூனிட். எல்லா வண்டிகளையும் காராக மாற்றி எண்ணுவது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கார் 1. பைக் 0.5 அல்லது 0.75. பஸ் 2.2 முதல் 3.7 வரை. கைவண்டிக்குக்கூட எண் உண்டு. நடந்து போகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த எண்களில் பொய் கிடையாது. பஸ் நீளமானது, மெதுவாகக் கிளம்பும், நின்று நின்று போகும். மூன்று கார் இடத்தை அடைக்கத்தான் செய்யும். ஆனால் உள்ளே அறுபது பேர் இருப்பது கணக்கிலேயே வராது. வண்டிகளை நகர்த்தத்தான் சாலை என்றால் பஸ் ஒரு தொந்தரவு. ஆட்களை நகர்த்த என்றால் அதே பஸ்தான் தீர்வு. யார் முக்கியம் என்பதை அலகே முடிவு செய்துவிடுகிறது. சாஃப்ட்வேர் வேலையில் இது பழகிய கதை: டாஷ்போர்டில் எது தெரிகிறதோ அதைத்தான் சரிசெய்வோம்.

"நானும்தானே டாக்ஸ் கட்றேன், கார் எடுக்கக் கூடாதா?" என்று ஆபீஸில் கேட்பார்கள். ஓ.எம்.ஆர். பஸ் ஸ்டாப்பில் மழையில் நின்ற ஒருவர், சம்பளம் ஏறியதும் கார் வாங்குவதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வழி வைக்காத ஊரில் தனிமனித ஒழுக்கம் பேசுவது வீண். ஆனால் பஸ்ஸில் நிற்பவரும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார். சாலையில் அவர் பங்கு எவ்வளவு?

போகோட்டாவின் மேயராக இருந்த என்ரிக்கே பெனலோசா இதை ஜனநாயகக் கேள்வியாகவே பார்த்தார்: 80 பேர் போகும் பஸ்ஸுக்கு, ஒருவர் போகும் காரைவிட 80 மடங்கு உரிமை. 2000-இல் அங்கே பஸ்களுக்குத் தனித் தடம் வந்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பஸ்ஸும் கார்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது. டிக்கெட் காசை அரசு தன் கஜானாவிலிருந்து கொடுத்துவிடலாம். தடத்தை என்னைப் போன்றவர்களிடமிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்கட்டும். என் பயணம் கால் மணி நேரம் கூடினால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆன்லைனில் நாலு வரி திட்டவும் செய்வேன்.